சுவரிலே ஒரு கற்பனையுலகம்: ரொல்கீன் நாட்காட்டிகள் பற்றிய ஒரு நோக்கு

இலக்கிய ஆய்வாளர் நூலை நோக்குவர். கலை வரலாற்றாசிரியர் ஓவியத்தை நோக்குவர். இவ்விரு சாராரும் பொதுவாகக் கவனியாது விடும் பொருள்களுள் ஒன்று சுவர் நாட்காட்டி. அது நூலுமன்று, ஓவியக்கூடத்திற்குரிய படைப்புமன்று. அதன் ஆயுள் ஓராண்டு. மார்கழி முடிந்ததும் குப்பைக்குச் செல்லும் அல்லது பாடப்புத்தகத்திற்கு உறையாகும். எனினும் மனிதர் நாள்தோறும் விரும்பியும் விரும்பாமலும் காணும் ஓவியம் அரும்பொருட்சாலையில் உள்ளதன்று. வீட்டுச் சுவரில் உள்ளதே.

நாட்காட்டி ஓவியத்தின் வலிமை எமது வாசகர் அறியாததன்று. 1894 ஆம் ஆண்டிலே ரவிவர்மா பம்பாயில் கல்லச்சுக்கூடமொன்றை நிறுவிய பின்னர், தெய்வ உருவங்கள் வர்ணப் படங்களாக வீடுதோறும் சென்றன. பிற்காலத்தில் சிவகாசி அச்சகங்கள் அத்தகைய உருவங்களை நாட்காட்டிகளில் ஏற்றிப் பரப்பின. இன்று சரஸ்வதி என்றதும் எம்மில் பலரது மனக்கண்முன் தோன்றும் முகத்தைத் தந்தது புராணத்தைக் காட்டிலும் அச்சுக்கூடமே எனலாம். சொல்லில் வாழ்ந்த உருவமொன்று அச்சில் ஏறி, வீடுகளில் நிலைத்து, ஈற்றில் சொல்லையே ஆளத் தொடங்குகின்றது.

இதே நிகழ்வு மேலைநாட்டின் நவீன இலக்கியமொன்றிலும் நிகழ்ந்துள்ளது. ஆங்கில எழுத்தாளர் ஜே. ஆர். ஆர். ரொல்கீன் படைத்த அதீதக் கற்பனை உலகினைச் சித்திரிக்கும் சுவர் நாட்காட்டிகள் 1973 ஆம் ஆண்டு தொடக்கம் வெளிவந்துள்ளன. அவற்றின் வரலாற்றை நோக்குமிடத்து எழும் வினா இது: வாசகன் தன் மனத்தில் தானே அமைத்துக்கொள்ளும் உருவத்தை வர்த்தகம் அவனுக்கு ஆயத்தமாகச் செய்து விற்கும்போது, கற்பனை எவருக்கு உரியதாகின்றது? இவ்வினாவுக்கான விடை முதற்பார்வையில் தோன்றுவது போன்று எளிதானதன்று என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நூலினுள்ளே ஒரு நாட்காட்டி

ரொல்கீன் (1892–1973) தொழிலால் மொழியியலறிஞர். ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தில் 1925 முதல் 1945 வரை அங்கிலோ-சக்சன் பேராசிரியராகவும், பின்னர் 1959 வரை ஆங்கில மொழி, இலக்கியப் பேராசிரியராகவும் பணியாற்றியவர். 1937 இல் சிறுவருக்கென எழுதிய 'ஹொபிற்' எனும் நூலும், 1954–55 காலப்பகுதியில் மூன்று தொகுதிகளாக வெளிவந்த 'லோர்ட் ஒவ் த ரிங்ஸ்' எனும் பெருங்கதையும் அவருக்குப் புகழ் தந்தன. நடுப்புவி எனும் உலகில் ஷயர் என்ற அமைதியான வேளாண் நாட்டில் வாழும் ஹொபிற் எனப்படும் சிற்றுருவ மாந்தர், எல்லையற்ற அதிகாரத்தைத் தரும் மோதிரமொன்றைப் பயன்படுத்தாது அழித்துவிடச் செல்லும் பயணமே பெருங்கதையின் பொருள்.

இந்நூலின் பின்னிணைப்புக்களுள் ஒன்று முழுவதும் நாட்காட்டிகளைப் பற்றியது என்பது நாட்காட்டி ஓவியங்களை நோக்குவோர் பலரும் கவனியாத செய்தி. ஷயர் நாட்டவரின் ஆண்டு முப்பது நாள்கள் கொண்ட பன்னிரண்டு மாதங்களையும், மாதங்களுக்குப் புறம்பான ஐந்து நாள்களையும் கொண்டது. அவ்வைந்தனுள் ஆண்டின் நடுநாளுக்குக் கிழமை கிடையாது. எஞ்சிய 364 நாள்களும் சரியாக ஐம்பத்திரண்டு வாரங்களாகின்றன. நெட்டாண்டில் வரும் மேலதிக நாளும் கிழமைக் கணக்கில் சேர்வதில்லை. இதனால் ஒவ்வொரு தேதியும் எல்லா ஆண்டுகளிலும் ஒரே கிழமையிலேயே வரும். ஆகவே ஷயர் நாட்டவர் கடிதங்களிலும் நாட்குறிப்புக்களிலும் கிழமையைக் குறிப்பதையே விட்டுவிட்டனர் எனக் கூறும் ஆசிரியர், அயலூரைத் தாண்டிப் பயணஞ் செய்தால் அவர்கள் இடர்ப்பட நேரும் என்றும் நகைச்சுவையுடன் சேர்த்துரைக்கிறார்.

இதனால் பெறப்படுவது யாது? ஷயர் நாட்டில் ஒருவன் ஒருமுறை நாட்காட்டி ஒன்றை எழுதி மாட்டினானாயின், அவனுடைய பேரனுக்கும் அதுவே போதுமானது. அந்நாட்டில் நாட்காட்டி விற்பவன் பிழைத்தல் அரிது. எமது கிரெகோரிய ஆண்டின் இயல்போ வேறு. 365 நாள்கள் ஐம்பத்திரண்டு வாரங்களிலும் ஒரு நாள் மிகுதியாதலின், தேதிக்கும் கிழமைக்குமுள்ள உறவு ஆண்டுதோறும் பெயர்கின்றது. பதினான்கு வகையான ஆண்டுகளே உளவாயினும், அடுத்தடுத்து வரும் இரு ஆண்டுகள் ஒருபோதும் ஒன்றாவதில்லை. நாட்காட்டி வர்த்தகத்தின் அடித்தளம் இம்மிகுதி நாளேயாகும். வேறெந்த ஓவியப் பிரதியும் விற்பனையாகும்போதே தன் முடிவுத் தேதியை இத்துணை வெளிப்படையாகத் தாங்கி நிற்பதில்லை. காலம் தேய்ந்து போகாத நாட்டைப் பற்றிய கற்பனை, ஆண்டுதோறும் காலாவதியாகும் பண்டத்தில் ஏற்றி விற்கப்படுவதில் உள்ள முரண் மனங்கொள்ளத்தக்கது.

ஓவியம் வேண்டாமென்ற ஓவியர்

இரண்டாவது முரண் ஆசிரியரின் கலைக்கொள்கை சார்ந்தது. மாயக் கதைகளைப் பற்றி 1939 இல் ஸ்கொட்லாந்தின் சென்ற் அன்ட்றூஸ் பல்கலைக்கழகத்தில் ரொல்கீன் நிகழ்த்திய சொற்பொழிவு, விரிவுபெற்று 1947 இல் கட்டுரையாக வெளிவந்தது. அத்தகைய கதைகளுக்குச் சித்திரங்கள், அவை எவ்வளவு சிறந்தனவாயினும், நன்மை பயப்பதில்லை என்பது அக்கட்டுரையில் அவர் கொண்ட நிலைப்பாடு. கட்புலனாகும் கலை ஓர் உருவத்தை மட்டுமே முன்வைக்கின்றது. சொல்லோ கேட்போர் ஒவ்வொருவருக்கும் அவரவர் உருவத்தை அளிக்கின்றது என்பது அவர் வாதத்தின் சாரம். கதையில் மலை என்று வரும்போது வாசகன் தான் கண்ட மலைகள் அனைத்திலிருந்தும் தனக்கென ஒரு மலையை ஆக்கிக்கொள்கிறான். ஓவியன் ஒரு மலையைத் தீட்டிக் காட்டியதும் அவ்வாக்கத் தொழில் வாசகனிடமிருந்து பறிக்கப்படுகின்றது.

இக்கருத்துக் கொண்டவர் தாமே ஓவியரென்பது குறிப்பிடத்தக்கது. 'ஹொபிற்' நூலுக்கான சித்திரங்களையும் நிலப்படங்களையும் அவரே வரைந்தார். ஆயின் அவற்றை உற்றுநோக்கின் அவருடைய கொள்கைக்கும் செயலுக்குமிடையே ஓர் இணக்கம் புலப்படும். மலைகள், காடுகள், ஆறுகள், வாயில்கள் ஆகியனவே பெரும்பாலும் அவருடைய சித்திரங்களின் பொருள். மாந்தர் தோன்றுமிடத்தும் மிகச் சிறியராய், முகம் தெளியாது தோன்றுகின்றனர். இடத்தைக் காட்டி முகத்தை வாசகனுக்கு விட்டுவிடுதல் அவர் கைக்கொண்ட முறை எனலாம். பிற்கால நாட்காட்டிகளை அளக்க இம்முறை ஓர் அளவுகோலாக அமைகின்றது.

மலிவுப் பதிப்பிலிருந்து நாட்காட்டிக்கு

ரொல்கீனின் கற்பனை வெகுசன நுகர்பொருளாக மாறியமைக்கு 1965 ஆம் ஆண்டு திருப்புமுனையாகும். அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்திலிருந்த இடைவெளியைப் பயன்படுத்தி, ஏஸ் எனும் நிறுவனம் ஆசிரியரின் அனுமதியின்றி நூலை 75 சத விலையில் மெல்லட்டைப் பதிப்பாக வெளியிட்டது. அதே ஆண்டிறுதிக்குள் பலன்ரைன் நிறுவனம் 95 சத விலையில் ஆசிரியரின் அனுமதி பெற்ற பதிப்பை வெளியிட்டது. இப்போட்டியே நூலைப் பல்கலைக்கழக மாணவர்களின் கைகளுக்குக் கொண்டு சென்றது. போர் எதிர்ப்பும் இயற்கை வாழ்வு பற்றிய நாட்டமும் வளர்ந்த அக்காலத்தில், அதிகாரத்தைப் பயன்படுத்த மறுக்கும் கதை இளைஞரைக் கவர்ந்ததில் வியப்பில்லை. கதைத்தலைவன் உயிரோடிருக்கிறான் எனும் வாசகம் பொறித்த சின்னங்களை மாணவர் அணிந்தனர். அவ்வாசகம் சுவர்களிலும் எழுதப்பட்டது.

பலன்ரைன் பதிப்பின் அட்டைகளை வரைந்த பார்பரா ரெமிங்ரன், வாசித்தறிய அவகாசமின்றியே அவற்றைத் தீட்டியவர். முதல் அட்டையில் கதைக்குத் தொடர்பற்ற சிங்கமும் நெருப்புக்கோழி போன்ற பறவைகளும் இடம்பெற்றதை அறிந்த ரொல்கீன் மனம் நொந்தார். பின்வந்த அச்சீடுகளில் சிங்கம் அகற்றப்பட்டது. ஆயினும் மூன்று அட்டைகளையும் இணைத்த படம் சுவரொட்டியாக விற்பனையாகி மாணவர் அறைகளை அலங்கரித்தது. பதிப்பகத்தின் கால அட்டவணை ஓவியரின் வாசிப்பையே விழுங்கிவிட்டமைக்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு. கதையின் உருவங்களைக் கதையிலிருந்து பிரித்தும் விற்கலாமென்பதை வர்த்தகம் கற்றுக்கொண்டதும் இங்கேதான்.

இதன் அடுத்த படியே நாட்காட்டி. ஆசிரியர் உயிரோடிருந்த காலத்திலேயே ஆயத்தமான 1973 ஆம் ஆண்டுக்கான பலன்ரைன் நாட்காட்டியில் ரொல்கீனின் சொந்தச் சித்திரங்கள் இடம்பெற்றன. அவ்வாண்டு புரட்டாதி இரண்டாம் நாள் அவர் காலமானார். அதே ஆண்டில் பலன்ரைன் நிறுவனத்தை றண்டம் ஹவுஸ் எனும் பெரும் பதிப்பகம் வாங்கியது. அப்பதிப்பகம் 1960களின் நடுப்பகுதி முதல் 1980 வரை ஆர்.சி.ஏ. எனும் வானொலி, தொலைக்காட்சி உற்பத்தி நிறுவனத்தின் உடைமையாக இருந்தது. இயந்திரங்களின் ஆதிக்கத்தையும் அழிக்கப்படும் மரங்களையும் எண்ணி வருந்திய ஒருவரின் கற்பனை, மின்னியற் கைத்தொழில் மூலதனத்தின் வலைக்குள் நின்றே மாணவர் அறைச் சுவர்களை அடைந்தது.

ஹில்டபிரான்ட் சகோதரர்

வேற்று ஓவியரின் கைவண்ணம் 1975 ஆம் ஆண்டு நாட்காட்டியோடு முதன்மை பெறலாயிற்று. அதன் ஓவியர் ரிம் கேர்க், ரசிகர் இதழ்களில் வரைந்து பயின்றவர். கலிபோர்னியப் பல்கலைக்கழகமொன்றில் முதுகலைப் பட்டத்துக்காக அவர் தீட்டிய ஓவியங்களின் ஒரு பகுதியே நாட்காட்டியாயிற்று. பட்ட ஆய்வொன்று சந்தைப் பண்டமாக இத்துணை விரைவில் மாறுதல் அரிது.

அந்நாட்காட்டியில் பதிப்பகம் ஓவியர்களுக்கு ஓர் அழைப்பு விடுத்திருந்தது. அதனைக் கண்டு முன்வந்தோர் கிரெக், ரிம் எனும் ஹில்டபிரான்ட் சகோதரர். 1939 இல் டெற்ரோயிற் நகரில் பிறந்த இவ்விரட்டையர் விளம்பரச் சித்திரம், திரைப்படம் ஆகிய துறைகளில் உழைத்தவர்கள். சிறுவயது முதல் வோல்ற் டிஸ்னியின் படங்களில் ஈடுபாடு கொண்டவர்கள். 1976, 1977, 1978 ஆகிய மூன்றாண்டு நாட்காட்டிகளும் இவர்களுடைய ஆக்கங்கள். இருவரும் ஒரே ஓவியத்தில் கூடி உழைத்தனர். உறவினரையும் நண்பரையும் உடையணிவித்து, விளக்கொளியில் நிறுத்தி மாதிரிகளாகக் கொண்டனர். அக்ரிலிக் வர்ணத்தில் தீட்டப்பட்ட இவ்வோவியங்களில் ஒளி நாடக மேடையில் போன்று ஒருபுறமிருந்து பாய்கின்றது. நிறங்கள் செறிந்து மிளிர்கின்றன. முகங்கள் பெரியனவாகவும் உணர்ச்சி வெளிப்பட்டனவாகவும் உள்ளன.

ரொல்கீனின் முறைக்கு இது நேரெதிரானது. அவர் வாசகனுக்கென விட்டுவைத்த முகத்தை இவர்கள் முழுமையாகத் தீட்டிவிட்டனர். ஆனால் இதனைக் குறையென்று மட்டும் கூறி அமைதல் தகாது. ஓப்செற் அச்சுமுறை நான்கு நிறங்களைக் கொண்டு ஓவியத்தை மீள உருவாக்குகின்றது. சுவரில் சில அடி தூரத்திலிருந்து காணப்படுவது நாட்காட்டி. எனவே தெளிவான எல்லைக்கோடும் செறிந்த நிறமும் இக்கலைவடிவத்தின் தேவைகள். வோல்ற்றர் பெஞ்சமின் 1936 ஆம் ஆண்டுக் கட்டுரையில், இயந்திரமுறை மறுபதிப்பினால் மூலப் படைப்பின் தனித்தன்மை சார்ந்த ஒளிவட்டம் மங்குகின்றது எனவும், அதனாலேயே கலை சடங்கின் பிடியிலிருந்து விடுபடுகின்றது எனவும் காட்டினார். நாட்காட்டி ஓவியத்திலோ மூலம் முதலும் பிரதி பின்னுமன்று. பிரதியாவதற்கென்றே மூலம் தீட்டப்படுகின்றது. ஓவியக்கூடத்துள் நுழைந்தறியாத ஓர் இளைஞன் பன்னிரண்டு வர்ண ஓவியங்களைத் தன் அறையில் ஓராண்டு முழுதும் காணும் வாய்ப்பைப் பெற்றான். பண்பாட்டின் பரவலாக்கம் என்ற வகையில் இதனைப் புறக்கணித்தல் இயலாது.

எவ்வெவற்றை ஓவியம் ஏற்றது, எவற்றை விட்டது என்பதும் நோக்கற்பாலது. பன்னிரண்டு தாள்கள் கொண்ட வடிவம் கதையைப் பன்னிரண்டு கணங்களாக வெட்டுகின்றது. போர், பூதம், மாளிகை, மந்திரவாதி ஆகியன எளிதில் தாளேறுகின்றன; ஐயமும் மனப்போராட்டமும் ஏறுவதில்லை. நூலின் நடுப்பகுதியில், எதிரிப்படையில் சேர்ந்து வந்த தென்னாட்டு வீரனொருவனின் உடலைக் கண்ட சாம் எனும் ஹொபிற், அம்மனிதனின் பெயர் யாதோ, அவன் மெய்யாகவே தீயவன்தானோ என எண்ணித் தடுமாறுகிறான். நூலிலே ஒளி வடமேற்கிலும் இருள் கிழக்கு, தெற்குத் திசைகளிலும் வைக்கப்பட்டுள்ளமை பற்றி நியாயமான விமர்சனம் எழுந்துள்ளது. அந்த வைப்புமுறையை நூல் தானே கேள்விக்குள்ளாக்கும் அரிய இடம் இது. ஓவியன் வீழ்ந்த உடலைத் தீட்டலாம். சாமின் கேள்வியைத் தீட்ட இயலாது. கேள்வி நீங்க ஒளியும் இருளும் மட்டுமே சுவரில் எஞ்சுமாயின், கதையின் கருத்துநிலை நூலில் உள்ளதைவிட ஒருபடி கடினமாகின்றது. நாட்காட்டி பற்றிய முற்போக்கு விமர்சனத்தின் முதன்மையான குறிப்பு இதுவேயாதல் வேண்டும்.

ஆவணமாகிய நாட்காட்டி

இங்கிலாந்தில் நிலைமை சற்று வேறுபட்டிருந்தது. ரொல்கீனின் பதிப்பாளரான அலன் அன்ட் அன்வின் நிறுவனம் 1970களில் வெளியிட்ட நாட்காட்டிகளில் ஆசிரியரின் சொந்தச் சித்திரங்களையே பெரிதும் பயன்படுத்தியது. கறுப்பு வெள்ளையில் அமைந்த சில சித்திரங்களுக்கு எச். ஈ. ரிடெற் என்பவர் நிறந்தீட்டினார். நிறமற்றதை நிறமுள்ளதாக்கியமை நாட்காட்டிச் சந்தையின் வற்புறுத்தல் என்பது வெளிப்படை.

எனினும் இங்கு எதிர்பாராத விளைவொன்று நிகழ்ந்தது. அதுவரை குடும்பத்தாரிடமும் ஆவணக் காப்பகத்திலும் இருந்த சித்திரங்கள் பொதுமக்களின் பார்வைக்கு வந்தன. அந்நாட்காட்டிகளில் வெளியானவற்றைத் திரட்டி, ஆசிரியரின் மகன் கிறிஸ்ரோபர் ரொல்கீன் தம் குறிப்புக்களுடன் 1979 இல் ஒரு நூலாக்கினார். ரொல்கீனை ஓவியராக நோக்கும் விரிவான ஆய்வு நூலை வெய்ன் ஹமன்ட், கிறிஸ்ரினா ஸ்கல் ஆகியோர் 1995 இல் வெளியிட்டனர். 2018 இல் ஒக்ஸ்போர்டின் பொட்லியன் நூலகம் அவரது கையெழுத்துப் படிகளையும் சித்திரங்களையும் பெருங்கண்காட்சியாக வைத்தது. குப்பைக்குச் செல்லவேண்டிய தாள்கள் ஆய்வுக்கு முன்னோடியாயின. நாட்காட்டி, விளம்பரத்தாள், சுவரொட்டி முதலியவற்றை நூலகங்கள் பேணவேண்டியதன் அவசியத்துக்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை.

பன்மையும் ஒருமையும்

1980களில் நாட்காட்டிகளின் ஓவியர் தொகை பெருகியது. 1985 ஆம் ஆண்டு நாட்காட்டி சுவீடன் நாட்டு எழுத்தாளரும் ஓவியருமான இங்கர் எடெல்ஃபெல்ட் என்பவருடையது. 1987 இல் கனடா நாட்டவரான ரெட் நாஸ்மித்தின் ஓவியங்கள் முதன்முதலாக நாட்காட்டியேறின. கட்டடங்களின் முன்தோற்றங்களை வரையும் தொழிற்பயிற்சி கொண்ட நாஸ்மித், பரந்த நிலக்காட்சியை முதன்மையாக்கி மாந்தரைச் சிறியராக்கினார். இவ்வகையில் அவர், அறிந்தோ அறியாமலோ, ரொல்கீனின் முறைக்கே மீண்டார் எனலாம். அதே காலப்பகுதியில் கனடாவிற் பிறந்து சுவிற்சர்லாந்தில் வாழும் ஜோன் ஹவ், ஆங்கிலேயரான அலன் லீ ஆகியோரும் நாட்காட்டிகள் வழியாக அறிமுகமாயினர். ஹவ் ஓவியங்களில் இயக்கமும் வேகமும் மிகுந்துள்ளன; லீயின் நீர்வர்ண ஓவியங்களில் மங்கிய நிறமும் மூடுபனியும் உருவங்களைப் பாதி மறைக்கின்றன. 1991 இல் வெளியான நூலின் நூற்றாண்டுப் பதிப்பு லீயின் ஐம்பது ஓவியங்களைத் தாங்கியது.

இங்குதான் இக்கட்டுரையின் மையக் கருத்தை வலியுறுத்த வேண்டும். ஓவியம் வாசகனின் கற்பனையை ஓர் உருவத்துள் அடைக்கும் என்றார் ரொல்கீன். ஒரே ஓவியரின் சித்திரம் நூலோடு பிணைந்து நிலைத்துவிடுமாயின் அது உண்மையே. ஆனால் நாட்காட்டியோ நிலைப்பதில்லை. வர்த்தகத்தின் புதுமைத் தேவை ஆண்டுதோறும் புதிய தொகுதியொன்றைக் கோரியது. அடிக்கடி புதிய ஓவியரையும் கோரியது. 1977 இல் சுவரிலிருந்த மந்திரவாதியும் 1987 இல் சுவரிலிருந்த மந்திரவாதியும் ஒருவரல்லர். இருவரையும் கண்ட வாசகன், எவரும் இறுதியானவரல்லர் என்பதை உணர்ந்தான். தன் மனத்திலுள்ள மூன்றாமவருக்கும் இடமுண்டு என அறிந்தான். மூலதனம் தன் இலாபத்துக்காக ஏற்படுத்திய காலாவதி முறையே, மூலதனம் விரும்பியோ விரும்பாமலோ உருவங்களின் பன்மையைத் தோற்றுவித்தது. பண்பாட்டுப் பண்டங்களின் இத்தகைய இருமுகத் தன்மையைக் காணாது, வர்த்தகம் என்ற ஒரு சொல்லால் அவற்றை ஒதுக்குதல் பொருத்தமான விமர்சன முறையாகாது.

இப்பன்மைக்கு அறைகூவல் திரைப்படத்திலிருந்து வந்தது. நூலின் திரைப்பட உரிமையை ரொல்கீன் 1969 இல் யுனைற்றெட் ஆட்டிஸ்ற்ஸ் நிறுவனத்துக்கு விற்றிருந்தார். 1976 இல் தயாரிப்பாளர் சோல் செயின்ஸ் அதனைப் பெற்றார். நூல் வழிப்பட்ட நாட்காட்டிகள் ஒருபுறமும், திரைப்பட உரிமை வழிப்பட்ட பண்டங்கள் மறுபுறமுமாக உரிமை பிளவுபட்டது. நியூசீலாந்து இயக்குநர் பீற்றர் ஜக்சன் தம் முப்படங்களுக்கு (2001, 2002, 2003) உருவம் அமைக்க அழைத்தவர்கள், நாட்காட்டிகள் வழி புகழ்பெற்ற அலன் லீயும் ஜோன் ஹவுமே. ஹவ் தீட்டிய கண்டல்ஃப் எனும் மந்திரவாதியின் கூர்த்தொப்பியும் சாம்பல் அங்கியும் திரையில் நடிகரின் வேடத்துக்கு அடிப்படையாயின. 2004 இல் மூன்றாம் படத்துக்குக் கிடைத்த பதினொரு ஒஸ்கார் பரிசுகளுள் கலை நெறியாள்கைக்கான பரிசை லீயும் பகிர்ந்துகொண்டார்.

திரைப்படத்தின் தருக்கம் நாட்காட்டியின் தருக்கத்துக்கு மாறானது. ஒன்பது மணித்தியாலங்களுக்கு மேற்பட்ட படத்தில் கண்டல்ஃப் ஒரே முகத்துடன் தோன்றியாகவேண்டும். அம்முகம் அசைகின்றது, பேசுகின்றது. பின்னர் பொம்மையாகவும் சுவரொட்டியாகவும் திரைப்பட நாட்காட்டியாகவும் சுவருக்கே மீள்கின்றது. பல கைகளால் தீட்டப்பட்ட உலகில் இரு கைகள் தீட்டியவை எஞ்சியவற்றை மறைத்தன. அந்த ஓவியர்கள் தாழ்ந்தோரல்லர். தத்தம் துறையில் சிறந்தோரே. தவறு ஓவியத்திலன்று, ஒருமையில் உள்ளது. இவ்வுரிமைகள் பின்னரும் கைமாறி, 2022 இல் எம்பிரேசர் எனும் சுவீடன் நாட்டு விளையாட்டு மென்பொருள் நிறுவனத்தை அடைந்தன. நூல் பதிப்புத்துறையிலும் இத்தகைய குவிவே நிகழ்ந்தது. 1986 இல் வேறொரு பதிப்பகத்துடன் இணைந்த அலன் அன்ட் அன்வின், 1990 இல் ஹாப்பர் கொலின்ஸ் எனும் பன்னாட்டுப் பதிப்பகத்தின் உடைமையாயிற்று. உடைமை குவியக்குவிய உருவமும் குவிதல் இயல்பே.

கோர் புளொக்கின் சிறு மாந்தர்

ஆயின் வரலாறு அத்துடன் முடிந்துவிடவில்லை. ஒல்லாந்து நாட்டவரான கோர் புளொக் 1950களின் இறுதியிலும் 1960களின் தொடக்கத்திலும் இப்பெருங்கதையை நூற்றுக்கு மேற்பட்ட சிறு ஓவியங்களாகத் தீட்டியிருந்தார். இடைக்காலத்துச் சித்திரத் திரைச்சீலைகளை நினைவூட்டும் எளிய உருவங்கள் அவருடையவை. பின்னணி வெறுமையாக விடப்பட்டுள்ளது. முகங்களும் உடைகளும் சில கோடுகளிலும் நிறத்திட்டுக்களிலும் அடங்குகின்றன. 1961 இல் அவர் ரொல்கீனை நேரிற் சந்தித்தார். சித்திரங்களை ஐயுற்ற ரொல்கீன், இவருடைய ஓவியங்களை விரும்பித் தமக்கென விலைக்கும் பெற்றார். காட்டுவதைவிட விட்டுவைப்பதே மிகுதியாயுள்ள ஓவியத்தை அவர் ஏற்றமை அவருடைய கொள்கைக்கு முற்றிலும் இயைந்ததாகும்.

அரை நூற்றாண்டு கழித்து இவ்வோவியங்கள் 2011, 2012 ஆம் ஆண்டுகளுக்கான ரொல்கீன் நாட்காட்டிகளாக வெளிவந்தன. திரைப்பட முகங்களுக்குப் பழகிய கண்களுக்கு அவை விநோதமாகத் தோன்றியிருத்தல் கூடும். அவ்விநோதமே அவற்றின் பயன். தான் அறிந்த முகமே கதையின் முகம் என்றிருந்த வாசகனை அவை மறுபடியும் நூலை நோக்கித் திருப்புகின்றன.

முடிவுரை

கற்பனை எவருக்கு உரியது எனும் வினாவுடன் தொடங்கினோம். சட்டத்தின்படி அது உரிமையாளருக்கும் பதிப்பாளருக்கும் உரியது. ரொல்கீனின் கொள்கைப்படி அது வாசகனுக்கு உரியது. நாட்காட்டியின் வரலாறு இவ்விரண்டுக்குமிடையிலான இழுபறியின் வரலாறாகும். உருவமொன்றை விற்பது வாசகனின் ஆக்கத்தொழிலைக் குறைக்கின்றது. பல உருவங்களை அடுத்தடுத்து வைப்பது அதனை ஓரளவு மீட்டளிக்கின்றது. ஆகவே விமர்சகன் கேட்கவேண்டியது, உருவம் வேண்டுமா வேண்டாமா என்பதன்று. எத்தனை உருவங்களுக்கு இடமுண்டு, அவற்றைத் தீர்மானிப்போர் யாவர் என்பதேயாகும். சுவரிலுள்ள எமது தெய்வங்களின் முகங்களைப் பற்றியும் இதே கேள்வியைக் கேட்கலாம்; கேட்கவும் வேண்டும்.

ஹில்டபிரான்ட் சகோதரருள் ரிம் 2006 இலும் கிரெக் 2024 இலும் மறைந்தனர். அவர்களது 1977 ஆம் ஆண்டு நாட்காட்டி சனிக்கிழமையில் தொடங்குவது. 2022 ஆம் ஆண்டும் அவ்வாறே சனிக்கிழமையில் தொடங்கியது. எனவே அதனைப் பேணி வைத்திருந்தவர் எவரேனும் நாற்பத்தைந்து ஆண்டுகளின் பின் மறுபடியும் அதே ஆணியில் மாட்டி, நாள் பிழையாமற் பார்த்திருக்கலாம். ஷயர் நாட்டாரின் தேய்வுறா நாட்காட்டிக்கு எமது ஆண்டுமுறை நெருங்கிவரும் இடம் இது ஒன்றே. ஆனால் அதற்கு ஒருவர் அதனைக் குப்பையில் எறியாது வைத்திருத்தல் வேண்டும். பயன் முடிந்ததெனச் சந்தை கூறும் பொருளைப் பேணுவதும், பேணியதை விமர்சனக் கண்ணோடு மீள நோக்குவதும் ஆய்வாளரின் கடமைகளுள் அடங்குவனவாம்.